டிரைவர் வரிசை உஷ்ஷக்கா

சுவரில் ஆணி அடிக்கப் போய்த்தான் எனக்கு உஷ்ஷக்காவைத் தெரிய வந்தது.

ரயில் எஞ்சின் ஷெட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்து, குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் வெளியே எடுத்தது பட்டமளிப்பு விழாப் படத்தை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் வேலை வந்ததில்லை. கதவைத் திறந்ததும் எவன் கண்ணிலும் முதலில் படுவது அந்தப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பென்சிலால் புள்ளி வைத்து இரண்டு அடி அடித்திருப்பேன். திரும்பினால், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் என் அறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. வந்த சத்தமே கேட்கவில்லை.

“தம்பி, அந்த ஆணிய சாயந்திரம் அடிச்சுக்கலாமா?”

அதைக் குரல் என்று சொல்ல முடியாது. மூச்சுக்குக் கொஞ்சம் மேலே.

“நீங்க யாருங்க?”

“பக்கத்து வீடு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. நீங்க அடிக்கிற ஆணி அந்தப் பக்கம் அவரு காதுல எறங்குது.”

“மணி பதினொண்ணு ஆச்சுங்களே.”

“நமக்குத்தான் பதினொண்ணு. அவருக்கு இப்பதான் ராத்திரி.”

பிறகு என் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார். “இந்தக் கறுப்பு அங்கி சொந்தமா, வாடகையா?”

“வாடகைதான்.”

“பரவால்ல, உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு. சாயந்திரம் அவரு எந்திரிச்சதும் வந்து அடிச்சுக் குடுப்பாரு. நீங்க அடிக்கிற அடிக்கு ஆணி நிக்காது, சுவருதான் எறங்கும்.”

சொன்னபடியே மாலையில் அவர் கணவர் சுத்தியலோடு வந்தார். கூட்ஸ் வண்டி டிரைவர்; அன்றிலிருந்து எனக்கு அண்ணன். உயரமான மனிதர், கண்ணுக்குக் கீழே தோல் இரண்டு மடிப்பாகத் தொங்கியது. ஒரே அடியில் ஆணியை இறக்கினார். “எங்க வீட்டம்மா மிரட்டுச்சா? தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எனக்கு வாய்ச்சது பொண்டாட்டி இல்ல, வாட்ச்மேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் கொட்டாவியாக மாறியது.

இந்த ஊரின் கதை சின்னது. தூரத்து மலையில் இரும்புக்கல் இருந்தது. கடலோரத்தில் அதை வாங்கிப் போகக் கப்பல் இருந்தது. நடுவில் முள்ளும் பாறையும். லைன் போட்டவர்கள் எஞ்சின் தண்ணீர் குடிக்க ஓர் இடம் தேடியபோது பாதி வழியில் ஓர் ஏரி அகப்பட்டது. ஏரிக்கரையில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியை ஒட்டி எஞ்சின் ஷெட், ஷெட்டை ஒட்டி ஆட்கள். கல்லைக் கப்பலேற்றுவதற்குப் பதிலாக இங்கேயே உருக்கினால் என்ன என்று பிற்பாடு யாருக்கோ தோன்றியிருக்கிறது. லைனுக்கு அந்தப் பக்கம் உருக்காலை எழுந்தது. அன்றோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பக்கம் சங்குக்காரர்கள். ஆலைச் சங்கு ஊதினால் எழுவார்கள், ஊதினால் சாப்பிடுவார்கள், ஊதினால் படுப்பார்கள். இந்தப் பக்கம் சக்கரக்காரர்கள். இவர்களுக்கு வண்டி கிளம்பும் நேரம்தான் விடியற்காலை. அவர்கள் இவர்களைப் ‘பகல்ல தூங்குற பரம்பரை’ என்பார்கள். இவர்கள் திருப்பிச் சொல்வதை அச்சில் போட முடியாது.

இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கும் வேலைதான் பேர். பிட்டர் வரிசை, கேங் வரிசை, கார்டு வரிசை, டிரைவர் வரிசை. ஆபீஸ் ஆட்களுக்கென்று இருந்த வரிசையில் இடம் இல்லாததால் என்னை டிரைவர் வரிசையின் கடைசிக்கு முந்தின வீட்டில் போட்டார்கள். கடைசி வீடு உஷ்ஷக்காவுடையது.

அவருக்கு அந்தப் பேரை வைத்தவர்கள் தெருப் பிள்ளைகள். எந்தப் பிள்ளை எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அக்காவிடமிருந்து முதலில் வருவது ‘உஷ்’. ஊரே அப்படிக் கூப்பிட, அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். சந்தையிலும் அதே குரல்தான். அக்கா விலை கேட்டால் கடைக்காரர்கள் தராசுக்கு மேலே குனிந்து காதை நீட்டுவார்கள். “யக்கோவ், நீ கேக்குறது வெங்காயமா, ரகசியமா?” என்று ஒருவர் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது சங்குப் பக்கம். அப்பா உலை வேலை. “சங்குக்குப் பொறந்தவ சக்கரத்துக்கு வாக்கப்பட்டா. இனிமே அடுப்பப் பத்த வைக்கலாமா வேணாமான்னு எஞ்சினக் கேட்டுத்தான் சொல்லணும்” என்று கல்யாணத்தன்று அக்காவின் அம்மா சொன்னாராம். சொன்னது பலித்தது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. குழந்தையைப் பார்க்க அக்காவின் கூடப்பிறந்தவர்கள் வந்திருந்தார்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் வந்த மாப்பிள்ளை, மச்சான்களை உட்கார வைத்துவிட்டுத் தூங்கப் போனால் மரியாதையாக இருக்காது என்று அவர்களோடு உட்கார்ந்தார். சீட்டுக்கட்டு வந்தது. டீ வந்தது. பழைய கதை வந்தது. சிரித்துச் சிரித்து மாலையானது. அவர்கள் கிளம்பவும், ஷெட்டிலிருந்து அழைப்பு வரவும் சரியாக இருந்தது. காலி வேகன்களை மலைக்கு இழுத்துப் போக வேண்டும்.

ஆலை வாசலில் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு. வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொள்ள அங்கே ஒரு ஷிப்ட் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பாதுகாப்பாகப் பின்னால் சிக்னல் சிவப்பில் இருந்தது. அண்ணன் அந்தச் சிவப்பைத் தாண்டினார். கண் திறந்துதான் இருந்ததாம், பார்க்கவில்லையாம். உதவி டிரைவர் போட்ட கத்தலில் விழித்து பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றபோது எஞ்சினின் மூக்கு, ஷிப்ட் வண்டியின் கடைசிப் பெட்டிக்குக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. அந்தக் கடைசிப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அக்காவின் அப்பா.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. “மாப்பிள்ளைக்கு என் மேல இவ்வளவு பாசமா? என்னைப் பாக்க எஞ்சினோடயே வந்துட்டாரு” என்று அப்பா அன்று வீட்டில் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

விசாரணை நடந்தது. அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்ப எடுத்தபோது, இனி ஒரு முறை என்றால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்கு அந்த மிரட்டல் பெரிதாகத் தெரியவில்லை. “வேல போனா கல்லு ஒடைச்சுப் பொழைக்கலாம் தம்பி. ஒரு பொட்டி ஜனம் போனா? அன்னிக்கு அவரு தூக்கத்தத் தின்னது எங்க வீட்டாளுங்க. டீ போட்டுப் போட்டுக் குடுத்தது நானு.” அன்றிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் இன்னொரு சிவப்பைத் தாண்டாமல் ரிட்டயர் ஆக வேண்டும். அதற்கு அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்தை யாரும் தொடக் கூடாது.

வாளிச் சட்டத்தைக் கொண்டு வந்தவரும் அக்காதான். அப்போதெல்லாம் தெருமுனைக் குழாய்தான் எல்லோருக்கும். ஒரு நாள் அண்ணன் தூங்கும் நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. வாளியை எடுத்துப் போனால் கைப்பிடி கிணுகிணுக்கும், ஊற்றினால் குடம் சத்தம் போடும். வேண்டாம் என்று வாளியை வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டுப் பிட்டரின் மனைவி பார்த்துவிட்டு, விஷயம் புரிந்து, தானே ஒரு குடம் பிடித்து ஓசையில்லாமல் வைத்துவிட்டுப் போனார். பிறகு மற்ற டிரைவர் வீடுகளிலும் வாளிகள் கவிழ்ந்தன. வாசலில் வாளி கவிழ்ந்திருந்தால் உள்ளே டிரைவர் தூங்குகிறார். கதவைத் தட்டக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வாசலில் நின்று வம்பு பேசக் கூடாது. காய்க்காரர் அந்த வீடுகளைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளுவார். அழைப்பு கொண்டுவரும் ஷெட் ஆளுக்கு மட்டும் வாளியைத் தாண்டும் உரிமை இருந்தது. கதவைத் தட்டி எழுப்புவதால் அவரைத் தட்டுக்காரர் என்பார்கள். போன் வந்த பிறகு தட்டுக்காரர் வேலையும் இல்லாமல் போனது. அதன்பின் வாளியைத் தாண்டி வர உலகத்தில் யாருமே இல்லை.

தேர்தல் சமயத்தில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவுக்குள் நுழைந்தபோது அக்கா அதன் முன்னால் போய் நின்றாராம். “உங்களுக்கு எங்க ஓட்டு வேணுமா, இல்ல ராத்திரி கூட்ஸ் ஒழுங்கா போகணுமா?” வேட்பாளரே இறங்கி நடந்து, வீடு வீடாகக் கையை மட்டும் கூப்பிவிட்டுப் போனார். அவர் ஜெயித்தார். “வாயத் தொறக்காததாலதான் ஜெயிச்சான்” என்பது டிரைவர் வரிசையின் கணிப்பு.

அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கதவுக் கீல்களில் எண்ணெய் மினுங்கும். நாற்காலிக் கால்களுக்குப் பழைய துணியில் காலுறை. சுவர்க் கடிகாரம் மணி அடிக்காது, அடிக்கிற குட்டிச் சுத்தியலை அக்கா பிடுங்கிப் போட்டுவிட்டார். பாத்திரம் துலக்குவதெல்லாம் அண்ணன் டூட்டிக்குப் போன பிறகுதான். மகள் வளர்ந்ததும் அந்த வீட்டில்தான். இப்போது அவள் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். போனில் பேசினால் பக்கத்து வீடான எனக்கே கேட்கும். “அம்மா, உங்க வீட்டுல நான் அழுததுகூட பின்பக்கம் போய்த்தான். இப்ப என் வீடு, நான் கத்துவேன்!” என்று ஒரு நாள் அவள் கத்தியதும் கேட்டது. அக்கா போனைக் காதிலிருந்து எட்டிப் பிடித்துக்கொண்டு, “கத்து, கத்து” என்று கிசுகிசுத்தார்.

ஒரு முறை என் அப்பா என்னைப் பார்க்க வந்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. வயலின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிப் பழகிய தொண்டை. வாசலில் நின்று, “என்னடா இது, பட்டப்பகல்ல தெருவே எழவு விழுந்த மாதிரி கெடக்கு!” என்றார். அக்கா ஓடி வந்தார்.

“உஷ். பெரியவரே, உள்ள தூங்குறாங்க.”

“இந்நேரத்துலயா? என்னம்மா, ஒடம்புக்கு முடியலியா?”

அக்கா பதில் சொல்வதற்குள் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். “முழிச்சுட்டேன், முழிச்சுட்டேன். நீங்க பேசுங்க ஐயா.” அவர்கள் இருவரும் என் வீட்டில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பொழுது சாயும்வரை பேசினார்கள். அப்பாவின் குரலுக்கு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒரு கட்டத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அப்பா நிறுத்தவில்லை, அண்ணன் விழிக்கவும் இல்லை. அக்கா மட்டும் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா எப்போது தூங்குவார் என்று ஒரு நாள் கேட்டேன்.

“நானா? அவரு ராத்திரி வண்டியில இருந்தா எனக்குக் கண்ணு மூடாது. எந்த சிக்னல்கிட்ட இருப்பாரு, என்ன கலர்ல இருக்கும்னு ஓடிக்கிட்டே இருக்கும். பகல்ல அவரு தூங்குனா நான் வாசல்ல இருக்கணும். எனக்குத் தூக்கம்னா பஸ்ல போறப்ப அசந்தாதான். அதான் மகளப் பாக்கப் போறதுன்னா சந்தோஷம். பஸ்ஸு எட்டு மணி நேரம்.”

அண்ணன் ரிட்டயர் ஆவதற்கு முந்தின கடைசி வருடம் இருவருக்குமே மோசமான வருடம். ஆலை பெரிதானது, கல்லின் தேவையும் பெருகியது. வண்டிகள் நீளமாகிவிட்டன. நிலக்கரி எஞ்சின் காலத்தில் ஒரு வண்டிக்கு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் அசந்தால் இன்னொருவன் விலாவில் இடிப்பான். இப்போது இருவர். எங்காவது ஓரத்து லைனில் வண்டியை நிறுத்திவிட்டு, வழி கிடைக்கும்வரை மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பதும் டூட்டிதான். அண்ணன் வீட்டுக்கு வரும்போது படியேறும் கால் இழுத்தது. அக்காவும் மெலிந்துகொண்டே வந்தார். “இந்த மழைக்காலம் தாண்டிருச்சுன்னா போதும். அப்புறம் பேப்பர் வந்துரும், மாலை போட்டு அனுப்பிருவாங்க” என்பார். அவர் பேச்சில் வேறு எதுவும் மிச்சமில்லை.

மழைக்காலத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை. அண்ணன் காலையில் டூட்டி முடித்து வந்து படுத்துவிட்டார். அக்காவுக்குக் கொஞ்ச நாளாகவே தலைசுற்றல். அண்ணன் தூங்குகிறார் என்று தெரிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்து, கதவை ஓசையில்லாமல் சாத்தி, எதிர் வீட்டுப் பிட்டர் மனைவியிடம் சைகையில் சொல்லிவிட்டு ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, “ஒழுங்கா தூங்குறீங்களாம்மா?” என்று கேட்டாராம். “வீட்டுல ஒருத்தர் தூங்குனா போதாதா டாக்டர்?” என்று அக்கா சொன்னதற்கு அந்த அறையே சிரித்ததாம்.

அந்த நேரத்தில் அண்ணன் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தார். ஒரு பக்கம் கையும் காலும் போய், வாய் கோணி, கூப்பிடக் குரல் வராமல். எட்டிய கையில் ஒரு டம்ளர் அகப்பட்டிருக்கிறது. அதைத் தரையில் தட்டியிருக்கிறார்.

தெருவில் காய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அந்தத் தட்டலைக் கேட்டிருக்கிறார். “டிரைவர் முழிச்சிட்டாரு போல. ஏதோ சத்தம் கேக்குது” என்றாராம்.

பிட்டர் மனைவி தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். “வாளி கவுந்துதான கெடக்கு? கனவுல வண்டி ஓட்டுவாரா இருக்கும். நீங்க சத்தம் போடாம நகருங்க.”

தட்டல் நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து பிட்டர் மனைவி சுற்றிக்கொண்டு போய் அவர்களை அதட்டினார். “டேய், டிரைவர் மாமா தூங்குறாரு, தட்டாதீங்கடா.” பிள்ளைகள் தாங்கள் தட்டவில்லை என்று சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்கிற பிள்ளையை யார் நம்புவார்கள்? அவர்களைக் கேங் வரிசைப் பக்கம் விரட்டிவிட்டுத் திரும்பியபோது தட்டல் நின்றிருந்தது. பிள்ளைகள் போனதால் நின்றது என்று அவர் நிம்மதியாக உள்ளே போனார்.

அக்கா வந்தார். வழக்கம்போல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தார். முன்னறைக் கட்டில் காலியாக இருந்தது. சமையலறையில் அடுப்பில் தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. மேடையில் டீத்தூள் டப்பா திறந்திருந்தது.

பிட்டர் மனைவி இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில் அழுவார். அக்கா கத்தவில்லை. வெளியே வந்து, தெருவைத் தாண்டி, அவர் வாசலில் நின்று, “கொஞ்சம் வாங்களேன்” என்று கிசுகிசுத்தார். அவரும் பழக்கத்தில், “என்னக்கா, முழிச்சிட்டாரா?” என்று கிசுகிசுத்தே கேட்டார். நான்கு வீட்டு ஆட்கள் கூடினார்கள். அண்ணனைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசிவரை அந்தத் தெருவில் யாரும் சத்தம் போடவில்லை.

உயிர் பிழைத்தார். நான் மூன்றாம் நாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய வார்டு. ஒரு கட்டிலில் இருமல், ஒரு கட்டிலில் அழுகை, நடுவில் சக்கரம் கிரீச்சிடும் தள்ளுவண்டி. யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்ததுலேர்ந்து இப்படித்தான் தம்பி. இந்த இரைச்சல்ல எப்படித்தான் தூங்குறாரோ.”

கொஞ்ச நேரத்தில் அண்ணன் விழித்தார். பேச்சு குழறியது. ஆனால் புரிந்தது.

“இங்க நல்லாத் தூக்கம் வருது” என்றார்.

“வரட்டும். தூங்குங்க.”

“சத்தம் இருக்குல்ல. அதான்.”

அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அடுப்பில் கருகிய பாத்திரம் மூன்று நாளாக அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். “அன்னிக்கு எந்திரிச்சு டீ போடப் போனீங்களே. நீங்க தூங்கலியா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கப் போனேன். இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். தனியாகச் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

“நம்ம வீட்டுல ஊசி விழுந்தா கேக்கும். அந்த ஊசி எப்ப விழும்னு கேட்டுக்கிட்டே கெடப்பேன். தூக்கம் வராது. மலைக்குப் போனா அங்க ரெஸ்ட் ரூம் யார்டுக்குப் பக்கத்துல. வேகன் முட்டிக்கிட்டே இருக்கும். அங்கதான் தூங்குவேன். வீட்டுல கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன்.”

“எத்தன நாளா?”

அண்ணன் நல்ல கையின் விரல்களை மடக்கி எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

“அப்ப எப்படி வண்டி ஓட்டுனீங்க?” அக்காவின் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

“பயந்துக்கிட்டேதான். பயம் தூங்க விடுமா? ஒவ்வொரு சிக்னலையும் வாயால சத்தமா சொல்லிக்கிட்டே போவேன். அசிஸ்டெண்டு பயலுக பைத்தியம்னு பேசிக்குவானுங்க.”

“எங்கிட்ட சொல்ல என்ன கேடு?”

“நீ வாசல்ல ஒக்காந்து ஊரையே அடக்கிக்கிட்டு இருந்த. அப்புறம் உள்ள நான் தூங்கலன்னு எந்த வாயால சொல்றது?”

தள்ளுவண்டி இரண்டு முறை எங்களைத் தாண்டிப் போனது. கோபப்படுவார், அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா கட்டிலின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். அலுப்போடு, யாரிடமோ கணக்குத் தீர்ப்பவர் மாதிரி சொன்னார்:

“சொல்லித் தொலைச்சிருந்தா, நானும் உள்ள வந்து ஒரு பக்கமா படுத்திருப்பேனே.”

அண்ணனால் இனி வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ரிட்டயர்மெண்ட் வரைக்கும் மிச்சமிருந்த மாதங்களுக்கு ஷெட்டில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். டூட்டிக்கு வரும் டிரைவர்களின் முகத்தைப் பார்த்து, தூங்கியவனா இல்லையா என்று கேட்பதுதான் அங்கே வேலை. எல்லோரும் தூங்கினேன் என்றுதான் சொன்னார்கள். அண்ணனும் தலையாட்டினார். அந்தச் சிவப்புக்குப் பிறகு இன்னொரு சிவப்பைத் தாண்டாமல் அவர் ரிட்டயர் ஆனார். மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். அக்கா வரவில்லை, தலைசுற்றல்.

டிரைவர் வரிசையில் இப்போது வாளி கவிழ்ப்பதில்லை. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை, தானாக நின்றுபோனது. பிட்டர் மனைவி, ‘வாளி கவுந்துதான கெடக்கு’ என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். “நீ என்னடி பண்ணுவ? நான் சொல்லிக் குடுத்தததான நீ செஞ்ச” என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொன்னார். அப்படிச் சொன்னதுதான் பிட்டர் மனைவிக்கு இன்னும் வலித்ததாம்.

அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளன்று நான் லீவு போட்டுச் சாமான் ஏற்றினேன். கீழே லாரிகள் போகிற ரோடு இருக்கும் வீடுதான் வேண்டும் என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். தரகர் அப்படி ஒரு கோரிக்கையை வாழ்க்கையில் கேட்டதில்லை, “எல்லாரும் அமைதியான எடம்தான கேப்பாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இப்போது இருவரும் ஆலை வாசலுக்கு எதிரே, சங்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் கம்பு ஊன்றி வராந்தா வரைக்கும் நடக்கிறார், பகலிலும் இரவிலும் நன்றாகத் தூங்குகிறார். அக்கா பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பாடு முடிந்ததும் அவர் பக்கத்தில் பாயை விரித்துப் படுக்கிறார். இன்னும் தூக்கம் வரவில்லை.